மேலே தூக்கி இறக்குவது

பானெட்டைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் வடித்து, ரேடியேட்டரை எடுத்து, கியர்பாக்ஸைப் பிரித்து, மவுண்டு போல்ட்டுகளையும் விடுவித்தபின் பழைய பிக்கப் வண்டியின் டீசல் இஞ்சினுக்குப் போக ஒரு திசைதான் உண்டு: மேலே. செயின் பிளாக்கை இழுக்க இழுக்க அது வண்டியின் மூக்கைத் தாண்டி எழும்புகிறது. ஆனால் திருத்தணிப் பட்டறையில் கேட்டாலும் திருநெல்வேலிப் பட்டறையில் கேட்டாலும் இந்த வேலைக்குப் பெயர் ‘இஞ்சின் இறக்குறது’. தூக்குவதைப் போய் இறக்குவது என்கிறோம். சொல்பவருக்கும் உறுத்துவதில்லை, கேட்பவருக்கும் உறுத்துவதில்லை.

இறங்கு என்பது தன்வினை. இறக்கு அதன் பிறவினை. அடங்கு–அடக்கு, திரும்பு–திருப்பு போல நடுவிலுள்ள மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் தடித்தால் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும். 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். சங்கப் பாடல்களில் இறங்குவது பெரும்பாலும் கதிர். நெல்லோ தினையோ முற்றி, மணியின் கனத்தால் தலைசாய்ந்தால் அது இறங்குகிறது. இங்கே திசையைவிடப் பாரம்தான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. பாரம் சேர்ந்தால் இறங்கும்; பாரத்தைத் தாங்குபவரிடமிருந்து பிரித்தால் அது இறக்குவது.

அப்படிப் பார்த்தால் முரண் எதுவும் இல்லை. கொதிக்கும் குழம்பை அடுப்பிலிருந்து ‘இறக்கு’ என்றால் யாரும் சட்டியைக் கீழே அழுத்துவதில்லை, முதலில் தூக்குகிறார்கள். துறைமுகத்தில் சரக்கு கப்பலின் வயிற்றிலிருந்து கிரேனில் மேலே வந்துதான் இறக்குமதியாகிறது. பழைய சாலையோரங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். தலைச்சுமைக்காரர் குனியவே வேண்டாம். ஏறக்குறைய சுமை இருக்கும் உயரத்திலேயே கல்லின் மேல் நகர்த்திவிடலாம். அதுவும் சுமை இறக்குவதுதான். காய்ச்சலும் போதையும் விஷமும் கூட இறங்குகின்றன, எந்தப் படியிலும் கால் வைக்காமலே.

திருத்தணியில் இதற்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடி தோளேறி, ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளையும் ஏறி, மலையுச்சியில் இறக்கப்படுகிறது. ஊரிலேயே உயரமான இடத்தில் நடப்பது இறக்கம்! 1960 ஏப்ரல் 1 அன்றுதான் இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் தெலுங்குக்காரர் ‘திஞ்சு’ என்பார். அடுப்புப் பாத்திரத்துக்கும் அவர்களுக்கு அதே வினைதான். எல்லைக் கோடு மாறிய இடத்தில் இரண்டு மொழியும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி நினைக்கின்றன.

காவடிக் கதையிலேயே வண்டிக்காரரின் பயமும் ஒளிந்திருக்கிறது. இடும்பன் இரண்டு மலைகளைக் காவடியாகச் சுமந்து வந்து பழனியில் இறக்கி வைத்தான், மறுபடி தூக்க முடியவில்லை. ‘ஒருதடவ இறக்கிட்டா பழையபடி ஏறாதுண்ணே’ என்று புகை கக்கும் வண்டியை வருடக்கணக்கில் ஓட்டுபவர்களுக்கு இடும்பன்தான் குலதெய்வமாக இருக்க வேண்டும்.

இறக்கவேண்டிய காரணம் டீசலின் பிறவியிலேயே இருக்கிறது. ருடால்ப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. (பொறி என்ற அழகான சொல் இஞ்சினுக்குப் பொருந்தாமல் போவது இந்த ஒரு இடத்தில்தான்.) இன்றைய டீசல்கள் காற்றைப் பொதுவாக 14 முதல் 22 மடங்குவரை நெருக்குகின்றன, அந்த நெருக்கலிலேயே சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்ட, பீச்சிய டீசல் தானே பற்றுகிறது. ஆக, ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே கசிவு வந்தால் சூடு வராது, காலையில் வண்டி கிளம்பாது. கசிந்த காற்று ஆயில் அறைக்குள் போய் மூடி வழியாகப் புஸ்புஸ்ஸென்று வரும். மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்து, ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது, இறக்கிடலாம்’ என்பது இதைப் பார்த்துத்தான்.

ஹெட்டை எடுத்தால் தேய்மானம் ஒரே சீராக இருக்காது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் அழுத்தம் அதிகம், ஆயில் குறைவு. அங்கே விரலில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு விளிம்பு உருவாகியிருக்கும். அதனால்தான் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று தனித்தனியாக அளக்கிறார்கள். மகிந்திராவின் பழைய 2523 சி.சி. டி.ஐ. இஞ்சினில் சிலிண்டரின் குறுக்களவு 88.9 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 101.6 மி.மீ. விசித்திரமான எண்களாகத் தெரியும். மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம் என்று படித்தால் விசித்திரம் போய்விடும்: 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்து டிராக்டர் செய்யப் புறப்பட்ட நாள்களின் வாசனை அது. லேத் பட்டறையின் பேச்சும் இன்னும் அங்குலத்தில்தான். கிராங்கைப் ‘பத்து சைஸ்’ அடிப்பது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு சீவுவது, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதற்கேற்ற பேரிங் வாங்க வேண்டும். அடுத்தது இருபது, பிறகு முப்பது.

சிலிண்டரைக் குடைந்து புதுக் குழாய் இறக்குவதை ‘ஸ்லீவ் போடுறது’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது சட்டைக்கை. நம்மிடம் உறை இருந்தது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் மண்ணுக்குள் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய உறைகிணறுகள் கிடைத்திருக்கின்றன. உறை என்றே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, இனி சொல்லவும் மாட்டார்கள்.

இதற்கிடையில் இறக்கு தன் வேலையைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ரிங், பிஸ்டன், பேரிங், வால்வு, நாசில், பம்ப் என்று முழு இஞ்சினையும் புதுப்பிப்பதற்கு அந்த முதல் அடி ஒன்றே பெயராகிவிட்டது. ‘எப்ப இறக்கினீங்க?’ என்றால் எப்போது புதுப்பித்தீர்கள் என்று அர்த்தம். பழைய வண்டிச் சந்தையிலோ அது வசையாகவும் மாறியிருக்கிறது. ‘இன்னும் இஞ்சின் இறக்காத வண்டி சார்’ என்பது விற்பவரின் பெருமை. இறக்கி ஏற்றியது என்றால் விலை குறைகிறது. இது அநியாயம் என்பேன். ஒழுங்காக இறக்கி ஏற்றிய இஞ்சின், இறக்க வேண்டிய நிலையில் இறக்காமல் ஓடும் இஞ்சினைவிட நல்லது. வாங்குபவர் கேட்க வேண்டியது சிலிண்டர் எந்த அளவில் நிற்கிறது, கிராங்க் எத்தனையாவது சைஸில் ஓடுகிறது என்பதை. பத்து என்றால் இன்னும் சீவ இடமிருக்கிறது. முப்பது என்றால் அடுத்த முறை இறக்கும்போது பெரும்பாலும் கிராங்கையே மாற்ற வேண்டி வரும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.