பாடும் ஓசையும்



பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்று, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இராக்கெட் எழுவதை ஒருமுறை கண்டேன். முதலில் வடதிசையில் ஒளி தோன்றிற்று. ஒரு நிமிடத்துக்கு மேல் கழிந்த பின்னரே ஓசை வந்து சேர்ந்தது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தமையால், அது தொலைவில் உறுமும் இடிபோல் தேய்ந்திருந்தது. ஓசையைத் தணிக்க மனிதன் அறிந்த மிகப் பழைய வழி தொலைவே என்பது அன்று எனக்கு நன்கு விளங்கிற்று.

ஆயினும் தொலைவுக்கும் ஒரு விலை உண்டு. 1969இல் அத்தீவு ஏவுதளத்துக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9ஆம் நாள் அங்கிருந்து முதல் இராக்கெட் எழுந்தது. தீவில் வாழ்ந்த குடிகள் வேறிடம் பெயர நேர்ந்தது. இன்றும் இராக்கெட் எழும் நாளில், பாதுகாப்புக் கருதிக் குறிக்கப்பட்ட கடற்பரப்பில் மீனவர் வலைவீசச் செல்லலாகாது.

இராக்கெட் எழுவது என்றோ ஒருநாள். பெருநகர விமான நிலையங்களிலோ இரவும் பகலும் விமானங்கள் ஏறி இறங்குகின்றன. சூழ்ந்துள்ள ஊர்களையெல்லாம் பெயர்த்துவிட இயலுமா?

ஜெட் விமானங்கள் பெருகத் தொடங்கிய காலத்தில், 1952இல், ஜேம்ஸ் லைட்ஹில் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ஓர் உண்மையை வெளியிட்டார். எஞ்சினிலிருந்து பீறிடும் காற்றின் வேகம் பாதியானால், அதனால் எழும் ஒலியாற்றல் ஏறத்தாழ 256இல் ஒரு பங்காகக் குறையும். பெரிய விசிறியால் மிகுந்த காற்றை மெதுவாகத் தள்ளும் எஞ்சின்கள் பின்னர் பரவியபோது, ஓசையும் பெரிதும் தணிந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் இராக்கெட் எழுந்த அதே 1971இல், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமான ஓசைக்கு உலகப் பொது விதிகளை வகுத்தது. 2001இல் அது நான்கு வழிகளை ஒருங்கே வலியுறுத்திற்று: ஓசையைப் பிறப்பிடத்திலேயே குறைத்தல், சுற்றுப்புற நிலத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தல், விமானம் ஏறி இறங்கும் முறையைத் திருத்தல், வேண்டுமிடத்துப் பறப்புக்கே வரையறை விதித்தல்.

இத்தனைக்குப் பின்னும் ஓசை எஞ்சுமே. அதை யார் தாங்குவது? லண்டன் ஹீத்ரோவில், மேற்கு நோக்கி விமானங்கள் இறங்கும் நாட்களில், இறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுகின்றனர். ஒரு பகுதியாருக்குக் காலையில் ஓய்வு. மற்றொரு பகுதியாருக்கு மாலையில் ஓய்வு.

இந்த நியாயம் பழவேற்காட்டு மீனவருக்குப் புதிதன்று. அவர்களிடம் ‘பாடு’ என்றொரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஏரியில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சில, வலையுடையோர் பலர். ஆகவே உரிமையுடைய மீனவர் ஒன்றுகூடி அவ்விடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று நல்ல இடம் பெற்றவர், மறுமுறை அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார்.

பாடு என்னும் சொல் தமிழில் மீன்பிடிக்கும் இடத்தைக் குறிக்கும், துன்பத்தைக் குறிக்கும், ஓசையையும் குறிக்கும். ஏரியில் முறைவைத்துப் பகிரப்படுவது ஊதியம். ஹீத்ரோவில் பகிரப்படுவது துன்பம். இரண்டுக்கும் நீதி ஒன்றே.

ஓசையைக் குறைப்பது விஞ்ஞானத்தின் வேலை. எஞ்சியதைப் பங்கிடுவது மனிதரின் கடமை. பாட்டை வகுக்கும் கூட்டத்தில் வலைவீசுவோரே அமர்கின்றனர். ஓசையைப் பங்கிடும் கூட்டத்திலும் அதை நாள்தோறும் கேட்டு வாழ்வோருக்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?