மேற்குச் சென்னையில் கல்விக்கடன்: வங்கி மாற்றத்தின் வரவும் செலவும்

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1964இல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையும் சென்னையின் மேற்குப் புறநகரைத் தொழிலாளர் ஊர்களாக்கின. பொறியியல் கல்லூரிகள் பின்னால் வந்தன: 1995இல் சூரப்பட்டில் வேலம்மாள், 1997இல் ஆவடியில் வேல்டெக், 2000இல் பூந்தமல்லி அருகே பனிமலர். பிள்ளைகளுக்குப் படிப்பு பக்கத்திலேயே வந்துவிட்டது. கட்டணம்தான் கைக்கு எட்டவில்லை.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது. நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கப்படவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம் வரை தவணை இல்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி உண்டு. கட்டாமல் விட்டால் அது அசலில் சேரும். வேலை தேடி அலைந்த பட்டதாரிகளை அதிகம் வருத்தியது இதுதான்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் விதிக்கக் கூடாது என்று 2014 மே மாதம் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. குறைந்த வட்டி தரும் வங்கிக்குக் கடனை மாற்ற நினைப்பவருக்கு அது உறுதியான பிடிமானம்.

லாபம் எவ்வளவு? நான்கு லட்சம் பாக்கி, ஐந்தாண்டு, 12 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 8,900 ரூபாய். பத்து சதவீதத்துக்கு மாறினால் 8,500. ஐந்தாண்டில் மிச்சம் ஏறத்தாழ 24,000. இதிலிருந்து புது வங்கியின் பரிசீலனைக் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். வீட்டுப் பத்திரம் பிணையாக இருந்தால் வக்கீல் கருத்து, சொத்து மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானத்தை ரத்து செய்து புதியதைப் பதியும் செலவு எனப் பட்டியல் நீளும். சிறிய கடனில் மிச்சத்தின் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும்.

பெரிய ஆபத்து கால நீட்டிப்பு. தொடக்கத்தில் ஐந்து முதல் ஏழு ஆண்டாக இருந்த திருப்பிச் செலுத்தும் காலம் பின்னர் 15 ஆண்டு வரை நீண்டது. அதே கடனை 10 சதவீதத்தில் பத்தாண்டுக்கு மாற்றினால் தவணை 5,300க்கு இறங்கும். மொத்தத்தில் கட்டுவதோ பழைய கடனைவிட ஒரு லட்சம் அதிகம். தவணை குறைந்ததை மிச்சம் என்று எண்ணுவது தவறான கணக்கு.

2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி சில்லறைக் கடன்கள் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டன. அபராதமின்றிக் கடனை அடைக்கும் உரிமை உள்ள பழைய கடனாளிகளும், நியாயமான நிர்வாக, சட்டச் செலவு மட்டும் கொடுத்து, தங்கள் வங்கியிலேயே இதற்கு மாறலாம். வேறு வங்கியின் படியேறும் முன் சொந்தக் கிளையில் இதை எழுத்து மூலம் கேளுங்கள்.