பங்காளியும் மருமகனும்

1529 அக்டோபர். மார்பர்க் கோட்டை மேசையில் சுண்ணக்கட்டியால் எழுதினார் மார்ட்டின் லூத்தர். இயேசு இறுதி இராவுணவில் அப்பத்தைக் காட்டிச் சொன்ன ‘இது என் உடல்’ என்ற வார்த்தைகள் அவை. அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறதா, அது அடையாளம் மட்டும்தானா? எதிரே இருந்த சூரிச் நகரத்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்லி அடையாளம் என்றார். பதினான்கு விஷயங்களில் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் முறித்துக்கொண்டார்கள்.

இருவரையும் வரவழைத்தவர் ஹெஸ்ஸே சிற்றரசர் ஃபிலிப். வயது 24. கத்தோலிக்கரான பேரரசர் ஐந்தாம் சார்லஸ் படையெடுத்தால், பழைய சபையை விட்டுப் பிரிந்த புராட்டஸ்டன்ட்கள் தனித்தனியே நின்று தாக்குப்பிடிக்க முடியாது என்பதை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்தவர் அவர்.

1530-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசு மன்றம் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. அடுத்த ஏப்ரல் 15-க்குள் பழைய சபைக்குத் திரும்ப வேண்டும் என்று பேரரசர் கெடு வைத்தார். கெடு முடியும் முன்பே, 1531 பிப்ரவரியில், ஷ்மால்கால்டன் என்ற சிற்றூரில் புராட்டஸ்டன்ட் அரசர்களும் நகரங்களும் கூட்டணி கண்டன. எவர் தாக்கப்பட்டாலும் எல்லோரும் துணை நிற்பது ஒப்பந்தம். சாக்சனியும் ஹெஸ்ஸேயும் தலைமை ஏற்றன. பதினைந்து ஆண்டுகள் சார்லஸ் இந்தக் கூட்டணிமேல் கைவைக்கவில்லை. துருக்கியரும் பிரான்சும் அவரை ஓயவிடாததும் ஒரு காரணம்.

விரிசல் ஃபிலிப்பின் வீட்டிலிருந்தே வந்தது. மனைவி கிறிஸ்டினா உயிரோடு இருக்கும்போதே, 1540-இல் மார்கரெத் என்ற இளம்பெண்ணை மணந்தார். கிறிஸ்டினா எழுத்தில் சம்மதித்தார். லூத்தர் ரகசியமாக இசைந்தார். ரகசியம் நிற்கவில்லை. பேரரசின் சட்டத்தில் இருதார மணத்துக்கு மரண தண்டனை உண்டு. மறு ஆண்டே சார்லஸிடம் மன்னிப்புப் பெற்ற ஃபிலிப், பிரான்சையோ இங்கிலாந்தையோ கூட்டணிக்குள் விடமாட்டேன் என்று வாக்களித்தார். தான் கட்டிய கோட்டையின் கதவை அவரே அடைத்ததாகத்தான் இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்த அடி சொந்தத்திலிருந்து விழுந்தது. சாக்சனி வம்சம் 1485-லேயே பாகம் பிரிந்துவிட்டது. ஒரு கிளையின் தலைவர், பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுள்ள தேர்வரசர் பட்டம் பெற்ற யோஹான் ஃப்ரீட்ரிக். மறு கிளையின் மோரிட்ஸ், ஃபிலிப்பின் மருமகன், அவரும் புராட்டஸ்டன்ட். பங்காளியின் பட்டத்துக்கு ஆசைப்பட்டு 1546-இல் சார்லஸ் பக்கம் சாய்ந்தார். 1547 ஏப்ரல் 24, முல்பெர்க் போரில் யோஹான் ஃப்ரீட்ரிக் சிறைபட்டார். பட்டம் மோரிட்ஸுக்குப் போனது.

சிறையில் அடைக்க மாட்டார்கள் என்ற மருமகனின் வாக்கை நம்பி ஹாலே நகரில் சார்லஸ் முன் மண்டியிட்டார் ஃபிலிப். அன்றிரவு விருந்து முடிந்ததும் அவரையும் கைது செய்தார்கள்.

மாமனாருக்குத் தான் கொடுத்த வாக்கு பொய்த்த ஆத்திரமும் சேர, 1552-இல் கத்தோலிக்க பிரான்சின் பணத்தோடு மோரிட்ஸ் சார்லஸ்மேலேயே பாய்ந்தார். பேரரசர் இன்ஸ்புருக்கை விட்டு மலை தாண்டி ஓடினார். ஐந்தாண்டுச் சிறைக்குப்பின் ஃபிலிப் வீடு திரும்பியபோது, கிறிஸ்டினா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.