மண்ணெண்ணெய்க் கார்களும் கொதித்த றேடியேற்றர்களும்

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கதைத்தால் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் கட்டாயம் வரும். பொருளாதாரத் தடைக்குள்ள எங்கட ஆக்கள் கண்டுபிடிச்சது எண்டு பெருமையாகச் சொல்லுவினம். பெருமைப்பட இடமிருக்கிறது. ஆனால் எதற்காக என்பதை நாங்கள் சரியாகப் பார்க்க வேண்டும்.

1917இல் வந்த போட்சன் உழவு இயந்திரமே பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறியது. 1950களிலும் பிரித்தானிய விவசாயிகள் இப்படித்தான் உழுதார்கள். ஆக, தத்துவம் பழையது. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டபின் இங்கே நடந்தது வேறு. பெற்றோலுக்கென்றே செய்த கார்களை, உதிரிப்பாகமும் இல்லாத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள்.

அதற்கு ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள்தான் தோதாக இருந்தன. சிலிண்டருக்குள் எரிபொருளையும் காற்றையும் அவை குறைவாகவே அமுக்கும். ஏறத்தாழ 7க்கு 1. பிறகு வந்த கார்களைப்போல அதிகம் அமுக்கினால், மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும்.

உண்மையான சிக்கல் சூடுதான். எஞ்சின் குளிராக இருந்தால் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால்தான் துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணினார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணியாகிவிட்டால் உராய்வு கூடும், சூடும் கூடும். சூடு மிஞ்சினாலோ தட்டல் தொடங்கும். தட்டல் இன்னும் சூட்டைக் கூட்டும்.

இதோடு எங்கள் மண்ணும் சேர்ந்துகொள்ளும். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு, ஒழுகும் றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணியை விட்டுவிட்டு ஓடினால் அதன் குழாய்களுக்குள்ளும் படியும்.

அப்படியானால் ஒரு கார் கொதித்து நின்றால் காரணம் எது? தண்ணியா, ஒயிலா, எரிபொருளா? மெக்கானிக்மார் எப்போது கொதிக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்குவார்கள். நிற்கும்போது கொதித்து, ஓடும்போது ஆறினால் காற்றாடியையும் அதன் பெல்ற்றையும் பார்க்க வேண்டும். வேகமாக ஓடும்போது மட்டும் கொதித்தால் றேடியேற்றர் அடைத்திருக்கலாம். எஞ்சின் கொதிக்க, றேடியேற்றருக்குப் போகும் மேல் குழாய் ஆறியே இருந்தால் தேர்மோஸ்ரற் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். வெளியில் ஒழுக்கு இல்லாமலே தண்ணி குறைந்து, றேடியேற்றருக்குள் குமிழி வந்து, புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் நிற்காமல் வந்தால் ஹெட் கஸ்கற் போய்விட்டது எனலாம். ஒயில் பார்க்கும் கம்பியில் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணந்தால் குற்றம் தண்ணியில் இல்லை. ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக்கூடாது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்த முறை அந்நியமானதல்ல. ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கும், ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் தடைக்கால வரலாற்றை எழுதும்போது தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலோடு நின்றுவிடுகிறோம். அந்தப் பட்டியலுக்குள் வாழ்ந்தவர்களின் கையிலிருந்த அறிவு பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே கிடக்கிறது.

அந்தக் கராச்சுகளில் வேலை செய்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. "மண்ணெண்ணெயில கார் ஓடினதோ?" எண்டு கேட்டால் ஒரு சிரிப்போடு "ஓம்" எண்டு முடித்துவிடுவினம். "கொதிச்சால் என்ன பிழையெண்டு எப்பிடி ஐயா கண்டுபிடிச்சனீங்கள்?" எண்டு கேட்டுப் பாருங்கள். கேட்கிறபோது ஒலிப்பதிவையும் போட்டுவிடுங்கள்.