ரொம்ப, வளரெ, வெரி

திருவனந்தபுரத்துத் தமிழர் வீட்டில் ‘ரொம்ப’ என்றும் சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் ‘வளரெ’ என்றும் வழங்கும் மிகுதிச் சொற்களுள், முன்னது நிறைதலைக் குறிக்கும் ‘நிரம்ப’ என்பதன் திரிபு; பின்னது பெருகுதலைக் குறிக்கும் ‘வளர்’ என்னும் அடியிலிருந்து பிறந்தது. ஆங்கில ‘வெரி’யோ, ‘உண்மையான’ எனப் பொருள்பட்ட பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, முதலில் பெயரடையாக நின்று, பின்னரே அளவு உணர்த்தும் அடையாயிற்று. உறு, தவ, நனி ஆகியவற்றை மிகுதிப் பொருள் தரும் உரிச்சொற்கள், அதாவது பெயரையோ வினையையோ சார்ந்து பண்புணர்த்தும் சொற்கள், எனத் தொல்காப்பியமே வகுத்திருப்பதால் இவ்வகை தமிழ் மாணவருக்குப் புதிதன்று. உண்மையான இடர்ப்பாடு ஆங்கில ‘டூ’ (too) என்னும் சொல்லில்தான்; அது மிகுதியோடு, வேண்டிய அளவைக் கடந்துவிட்ட குறையையும் சுட்டுவதால், ‘தேநீர் ரொம்பச் சூடு’ என்பதை ‘வெரி’ இட்டு ஆங்கிலமாக்கினால் குடிக்கத்தக்க தேநீரும், ‘டூ’ இட்டால் ஆறவிட வேண்டிய தேநீரும் பொருளாகின்றன.