மனப்பாடமான வேதம்: தமிழ்க் கிறிஸ்தவரின் வேத வாசிப்பு வரலாறு

தென் தமிழ்நாட்டின் பேச்சு வழக்கில் கிறிஸ்தவர்களுக்கு ‘வேதக்காரர்’ என்று ஒரு பெயர் உண்டு. அவர்கள் தொழும் இடம் ‘வேதக்கோயில்’. இந்தப் பெயர்களில் ‘வேதம்’ என்பது முதலில் புத்தகத்தைக் குறிக்கவில்லை. கத்தோலிக்கக் குருமார் தங்கள் சமயத்தையே ‘சத்திய வேதம்’ என்று சொன்னார்கள். அச்சிட்ட வேதப்புத்தகம் தமிழில் வந்து, அதை அன்றாடம் வாசிப்பதே ஆவிக்குரிய வாழ்வில் வளரும் வழி என்ற எண்ணம் ஊன்றியபின், ‘வேதம்’ என்றால் கையில் எடுத்துப் படிக்கும் நூல் என்ற பொருள் சீர்திருத்தச் சபையாரிடையே நிலைத்தது. இந்த மாற்றம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நடந்தது.

அச்சுக்கு முன்னும் பின்னும்

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. என்றிக்கே என்றிக்கசு என்ற இயேசு சபைத் துறவி 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட இது 16 பக்கமுள்ள சிறு நூல். மறு ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வந்தது. 1586இல் புனிதர்களின் வரலாறு அச்சானது. முத்துக்குளித்துறைப் பரதவர் கையில் அச்சு நூல் இருந்தும் அதில் வேதாகமம் இல்லை. மந்திரங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் மனனம் செய்வதுதான் அன்றைய ஞான உபதேசம். திருப்பலியின் மொழியோ லத்தீன். வேதக் கதைகள் பாட்டாகவும் நாடகமாகவும் பிரசங்கமாகவும் மக்களிடம் சேர்ந்தன. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ சூசையப்பரின் கதையைக் காப்பியமாக்கியது. கேட்டும் பாடியும் பார்த்தும் பக்தியில் வளர்ந்த அந்த மரபில், தனியாள் ஒருவர் வேதத்தை எடுத்துப் படிக்கும் வழக்கத்துக்கு இடம் ஏற்படவில்லை.

அந்த வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே லுத்தரன் சபைக்குள் பக்தி இயக்கம் ஒன்று எழுந்தது. பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் பிராங்க்பர்ட்டில் தம் வீட்டில் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். 1675இல் அவர் எழுதிய நூல் சபையைச் சீர்ப்படுத்த ஆறு யோசனைகளைச் சொன்னது. தேவவசனம் மக்களிடையே இன்னும் தாராளமாகப் பழக்கத்துக்கு வரவேண்டும் என்பது அவற்றில் முதலாவது. ஹாலே நகரில் அநாதை இல்லத்தையும் பள்ளிகளையும் நிறுவிய ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, வேதத்தை எப்படி வாசிப்பது என்று கையேடுகளே எழுதினார். ஜெபத்தோடு தொடங்கி, வசனத்தை நின்று தியானித்து, அதைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்கவேண்டும் என்பது அவர் காட்டிய முறை. ஏழைகளும் வாங்கும் விலையில் வேதாகமம் அச்சிட 1710இல் ஹாலேயில் கான்ஸ்டைன் நிறுவனம் உருவானது. ஞானஸ்நானம் பெற்றதோடு கிறிஸ்தவ வாழ்வு முடிந்துவிடாது, குழந்தை வளர்வதுபோல அது நாளுக்கு நாள் வளரவேண்டும், அதற்கு உணவு வேதவசனம் என்பது இந்த இயக்கத்தின் அடிப்படை.

தரங்கம்பாடி

ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சாவும் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கின் செலவில் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து பழகினார். ஏடுகளைத் திரட்டிப் படித்தார். 1708இல் அவர் எழுதிய பட்டியலில் 119 தமிழ் நூல்களின் குறிப்பு இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார்.

லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பெரியவை, காகிதத்தைத் தின்றன. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்திருந்த சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்தார். மீதியைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

வாசிப்பே வளர்ச்சிக்கு வழி என்றால் வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அதனால் மிஷன் போன இடமெல்லாம் ஆலயத்தோடு பள்ளியும் எழுந்தது. தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். அந்தப் பள்ளிகளில் இரண்டு மரபுகள் ஒன்றுகூடின. ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்லி மனத்தில் நிறுத்துவது திண்ணைப் பள்ளி முறை. வசனத்தை நெஞ்சில் பதித்து நாளெல்லாம் அசைபோடுவது ஹாலேயின் பக்தி முறை. ஆத்திசூடி பாடமான நாட்டில் சங்கீதம் பாடமாவது கடினமாக இருக்கவில்லை.

அச்சு நூல் மிஷனரிகள் போகாத இடத்துக்கும் போனது. தஞ்சை அரசரின் படையில் இருந்த இராஜநாயக்கன் பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்தே அவர் 1728 வாக்கில் லுத்தரன் சபைக்கு வந்தார். பின்பு உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். 1733இல் ஆரோன் என்பவர் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் சீர்திருத்தச் சபைக் குரு அவரே. வேதத்தை வாசித்து விளக்கும் பொறுப்பு தமிழர் கைக்கு வந்ததற்கு இவ்விருவரும் தொடக்க அடையாளங்கள்.

சொல்லைத் தொட்டால் சண்டை

தரங்கம்பாடித் தமிழ் கரடுமுரடானது என்று வீரமாமுனிவர் அப்போதே ஏளனம் செய்தார். அந்தக் குறையைப் போக்கியவர் 1740இல் வந்த யோவான் பிலிப் பாப்பிரிசியஸ். சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு தமிழர் துணையோடு வரிவரியாகத் திருத்தினார். மொழிபெயர்த்த பகுதிகளைப் பலதரப்பட்டவர்களுக்கு வாசித்துக்காட்டிக் கருத்துக் கேட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் அச்சானது; பழைய ஏற்பாடு 1791இல் அவர் இறந்தபின்தான் முழுமையாக வெளிவந்தது. சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்று எழுதிய இடத்தில் பாப்பிரிசியஸ் ‘பராபரன்’ என்று எழுதினார். மக்கள் அந்த நடையைப் பாடம் செய்தார்கள், அதிலேயே ஜெபித்தார்கள், அதிலிருந்தே பாட்டுக் கட்டினார்கள்.

பாடமாகிவிட்ட நூலைத் திருத்துவது எளிதல்ல என்பது அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1814இல் சென்னைக்கும் 1820இல் பாளையங்கோட்டைக்கும் வந்த மிஷனரி ரேனியஸ், சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடக் கருத்துத் தெளிவே முக்கியம் என்று கொண்டு புதிய ஏற்பாட்டை மறுபடி மொழிபெயர்த்தார். தஞ்சையின் வேதநாயகம் சாஸ்திரியார் இதைக் கடுமையாக எதிர்த்தார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய அவருக்கும் அவருடைய சபையாருக்கும் பழைய வாசகம் உயிரோடு கலந்தது. மிஷனரிகளுக்கு அது மேலும் சீராக்கவேண்டிய ஒரு மொழிபெயர்ப்பு. சபையாருக்கோ பெற்றோரும் தாத்தா பாட்டியும் ஜெபித்த சொல். நூறு ஆண்டுக்குள் அந்நிய நூல் சொந்த நூலாகிவிட்டதற்கு இந்த எதிர்ப்பைவிட வேறு சான்று தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலும் இதே கதை நடந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல், பின்னாளில் சைவத்தின் காவலராகப் பேர்பெற்ற ஆறுமுக நாவலரின் துணையோடு முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்தார். 1850இல் சென்னையில் அச்சான அந்தப் பதிப்பு செந்தமிழில் உயர்ந்து நின்றது. பழைய வாசகத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்ததால் சபைகள் அதை ஏற்கவில்லை.

கடைசியில் பல மிஷன்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. ஹென்றி பவர் தலைமைத் திருத்துநர். இடையன்குடி கால்டுவெல்லும் உறுப்பினர். பாப்பிரிசியஸின் நடையை அடித்தளமாக வைத்து, ரேனியஸின் தெளிவைச் சேர்த்து, பெர்சிவல் கையாண்ட ‘தேவன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தாரின் இசைவோடு 1871இல் நிறைவான இந்த ஐக்கியப் பதிப்பைத்தான் இன்று ‘பழைய திருப்புதல்’ என்கிறார்கள். லுத்தரன் சபையார் அதன் பிறகும் நெடுநாள் பாப்பிரிசியஸை விடவில்லை.

ஊரும் வீடும்

19ஆம் நூற்றாண்டில் வேத வாசிப்பு மிக ஆழமாக வேரூன்றிய நிலம் திருநெல்வேலிச் சீமை. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, சாயர்புரம் போன்ற ஊர்களில் ஆலயமும் பள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உபதேசியார் ஒருவரே பல இடங்களில் வாத்தியாராகவும் இருந்தார். பனையேறியும் வயல்வேலை பார்த்தும் திரும்பியவர்கள் மணி அடித்ததும் மாலை ஜெபத்துக்குக் கூடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உபதேசியார் ஒரு வசனத்தைப் பகுதி பகுதியாகச் சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இப்படி எழுத்தறியாதவர்களும் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லப் பழகினார்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் கர்த்தர் கற்பித்த ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றைப் பாடமாகச் சொல்லவேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் உரக்க வாசிக்க, பெற்றோர் கேட்டார்கள்.

ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குப் பெண் ஊழியர்கள் போனார்கள். ‘பைபிள் உமன்’ என்றே ஊரார் அவர்களை அழைத்தார்கள். வெளியே வராத பெண்களுக்கு எழுத்தும் தையலும் கற்பித்து, வேதத்தையும் வாசித்துக்காட்டினார்கள். தமிழ்ப் பெண்களுக்குச் சம்பளம் தந்த ஆரம்பகால வேலைகளில் இதுவும் ஒன்று.

வீட்டுக்குள் இந்த வழக்கம் எடுத்த வடிவம் குடும்ப ஜெபம். விளக்கேற்றியதும் வீட்டார் பாயில் உட்கார்ந்து, ஒரு ஞானப்பாட்டோ கீர்த்தனையோ பாடி, ஒரு அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்து, முழங்காலில் நின்று ஜெபிப்பார்கள். பிள்ளைகள் முதலில் பாடம் செய்யும் அதிகாரம் பெரும்பாலும் 23ஆம் சங்கீதம். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதமோ முழுக்க முழுக்க வேதவசனத்தையே போற்றுவது. அதைத் தியானிப்பது முதிர்ந்தவர்களின் பயிற்சி. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு உண்டு. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் அந்த ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் பெறுவதும், அதைச் சுவரில் மாட்டுவதும் இன்றும் தொடர்கின்றன. வாசிப்போர் வரிகளுக்கு அடிக்கோடிட்டு ஓரத்தில் தேதி குறிப்பார்கள். இறந்தவரின் வேதாகமத்தில் இருக்கும் அந்தக் குறிப்புகள் அவருடைய துக்கங்களுக்கும் தேறுதல்களுக்கும் ஒரு நாட்குறிப்பாகவே ஆகிவிடுவதுண்டு.

பொது மொழிபெயர்ப்பு

கத்தோலிக்கருக்கு இந்தக் கதவு 20ஆம் நூற்றாண்டில்தான் அகலத் திறந்தது. 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஆவணத்தில், விசுவாசிகள் அனைவரும் வேதத்தை அடிக்கடி வாசிக்கவேண்டும் என்று வலியுறுத்தியது. திருப்பலியும் தமிழுக்கு வந்தது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ 1995இல் வெளிவந்தது. அதில் தேவன் ‘கடவுள்’ ஆனார், பரிசுத்த ஆவி ‘தூய ஆவி’, இரட்சிப்பு ‘மீட்பு’, ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’, ஆதியாகமம் ‘தொடக்க நூல்’, சங்கீதங்கள் ‘திருப்பாடல்கள்’. கத்தோலிக்கத் திருப்பலியில் இப்போது அதுவே வாசிக்கப்படுகிறது.

சீர்திருத்தச் சபைகளிலோ இதற்கு முன் 20ஆம் நூற்றாண்டில் வந்த திருத்தப் பதிப்புகளும் 1871ஆம் ஆண்டுப் பதிப்பை அசைக்கவில்லை. மொழிநடை பழசாகிவிட்டது, வடசொல் மிகுதி என்ற குறை சொல்லப்படுகிறது. ஆயினும் ஆலயத்தில் வாசிப்பதும் வீட்டில் ஜெபிப்பதும் கல்லறையில் பொறிப்பதும் அதன் வாசகம்தான். இன்று ஏடு புரட்டாமல் கைபேசியில் வேதம் படிக்கும் இளைஞர்களில் பலரும் செயலியைத் திறந்ததும் தேர்ந்தெடுப்பது அந்தப் பழைய திருப்புதலையே.