தெருநாயின் பார்வை: டைடோ மொரியாமாவின் ஒளிப்படக்கலை

சொற்கள் தேய்ந்து பொருளிழக்கும்போது கவிஞன் என்ன செய்வான் என்னும் வினா, கவிதையோடு உறவுடைய எவரும் ஒருமுறையேனும் எதிர்கொள்வதாகும். 1968-ஆம் ஆண்டின் இறுதியில் டோக்கியோ நகரில் இதே வினாவை எழுப்பியவர்கள் ஒளிப்படக் கலைஞர்கள். அவர்கள் வெளியிட்ட 'புரொவோக்' என்னும் சிற்றிதழ் மூன்று இதழ்களோடு நின்றுபோயிற்று. ஆயினும், ஜப்பானிய ஒளிப்பட வரலாற்றை அவ்விதழுக்கு முன், அவ்விதழுக்குப் பின் எனப் பகுத்துக் காணும் அளவிற்கு அதன் தாக்கம் நிலைத்தது. அதன் வழியே உலகறிந்தவருள் தலையாயவர் டைடோ மொரியாமா. அவருடைய கலை வாழ்வையும் நடையையும் அவற்றின் வரலாற்றுப் பின்புலத்தில் வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். புதுமையாகப் பிறந்த ஒரு நடை பின்னர் என்ன ஆகிறது என்பதும் இதில் உடன் எழும் கேள்வியாகும். ஆண்டுதோறும் புதுக்கவிதைகளைக் கேட்டும் படித்தும் வரும் இலக்கிய வட்டத்தார்க்கு இக்கேள்வி அயலானதன்று.

முன்னோர் வகுத்த நெறி

போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஒளிப்படத்திற்கு இலக்கணம் வகுத்தவர் கென் டோமொன் (1909–1990). எதனையும் புனைந்து அமைக்காமல், கண்ணெதிரே நிகழ்வதை உள்ளவாறே பதிவு செய்ய வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. 1950-களில் ஒளிப்பட இதழொன்றின் வாசகர் போட்டிகளுக்கு நடுவராக இருந்து, பயிற்சிநிலைக் கலைஞர் பலரிடையே இந்த நடப்பியல் நெறியை அவர் பரப்பினார். இஹேய் கிமுரா (1901–1974) சிறு கேமராவைக் கையிலேந்தித் தெருக்களில் மென்மையான, விரைவான கண்ணோட்டத்துடன் படமெடுத்தார். இருவருக்கும் இயல்பு வேறு. ஆனால், தெளிவாகத் தெரியும் படமே உண்மையைச் சொல்லும் என்னும் நம்பிக்கை இருவருக்கும் பொது.

அடுத்த தலைமுறையில் வந்த ஷோமெய் தோமாட்சு (1930–2012) இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவர். நாகசாகி அணுகுண்டு வீச்சின் வடுக்களையும் அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றியிருந்த ஊர்களையும் அவர் குறியீட்டுப் பாங்கில் படமாக்கினார். செய்திப் படத்திற்கும் கவிதைக்கும் இடையிலான வேலியை அவர் தாழ்த்தி வைத்தார் எனலாம். மொரியாமா ஏறி நின்ற படி அதுவே.

பயிற்சிக் காலம்

மொரியாமா 1938-ஆம் ஆண்டு ஒசாகாவை அடுத்த இக்கேடா என்னும் ஊரில் பிறந்தார். வரைகலை பயின்று, பின்னர் தகேஜி இவாமியா என்னும் ஒளிப்படக் கலைஞரிடம் தொழில் கற்றார். 1961-இல் டோக்கியோ சென்றார். தோமாட்சு, எய்கோ ஹோசொயே முதலியோர் நடத்திய 'விவோ' என்னும் குழுவில் சேர்வதே அவருடைய விருப்பம். அவர் சென்ற வேளையில் அக்குழு கலைந்துகொண்டிருந்தது. எனவே ஹோசொயேயிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்றாண்டுகள் பணியாற்றினார். நாவலாசிரியர் யுகியோ மிஷிமாவை ஹோசொயே எடுத்த புகழ்பெற்ற படத்தொகுதி (1963) உருவானது அக்காலத்தில்தான். இருட்டறையில் அச்சுத்தாளின் கருமையையும் வெண்மையையும் ஆளும் திறனை மொரியாமா அங்கே பெற்றார்.

1964-இல் தனித்துத் தொழில் தொடங்கிய அவர், அமெரிக்கக் கடற்படைத் தளம் அமைந்த யோகோசுகா நகரத் தெருக்களில் அலைந்து எடுத்த படங்களை 1965-இல் 'கேமரா மைனிச்சி' இதழ் வெளியிட்டது. அதன் ஆசிரியர் ஷோஜி யமகிஷி இளங்கலைஞர்க்கு இடமளிப்பதில் முன்னின்றவர். 1967-இல் ஜப்பானிய ஒளிப்படத் திறனாய்வாளர்களின் புதியவர்க்கான பரிசு மொரியாமாவுக்குக் கிடைத்தது. கவிஞரும் நாடகாசிரியருமான ஷூஜி தெராயாமாவின் தூண்டுதலால் நாடோடி நடிகர்களையும் கேளிக்கை அரங்குகளையும் படமெடுத்தார். இவையும் பிறவும் சேர்ந்து 1968-இல் 'நிப்பொன் கெகிஜோ ஷஷின்சோ' என்னும் அவருடைய முதல் நூலாயின. ஒரு கவிஞரின் கைப்பிடித்தே அவர் நூலுலகிற்குள் நுழைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

புரொவோக்

1960-இல் அமெரிக்க–ஜப்பானியப் பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து மக்கள் திரண்டனர், உடன்படிக்கை நிறைவேறியது. அது 1970-இல் மீண்டும் புதுப்பிக்கப்படவிருந்தது. 1968-இல் பல்கலைக்கழகங்கள் மாணவர் போராட்டக் களங்களாயின. கண்டனக் கூட்டங்களில் முழங்கிய சொற்களும் அரசின் அறிக்கைகளில் வந்த சொற்களும் ஒருசேரத் தேய்ந்துவிட்டன என்னும் உணர்வு இளைஞரிடையே பரவியது.

இந்தச் சூழலில் 1968 நவம்பரில் 'புரொவோக்' முதல் இதழ் வெளிவந்தது. அதனைத் தொடங்கியவர் நால்வர்: திறனாய்வாளர் கோஜி தக்கி, இடதுசாரி இதழொன்றின் ஆசிரியர் பணியிலிருந்து ஒளிப்படத்திற்கு வந்த தக்குமா நகாஹிரா, யுத்தகா தகானாஷி, கவிஞர் தகாஹிக்கோ ஒகாடா. நடப்பிலுள்ள மொழியால் பற்ற இயலாத உண்மையின் துண்டுகளை ஒளிப்படம் பற்றித் தரும். அவ்வழியே புதிய மொழிக்கும் புதிய சிந்தனைக்கும் தூண்டுதலாகும். இதுவே அவர்தம் அறிக்கையின் சாரம். மொழியைக் கைவிடுவதன்று, மொழியை உசுப்புவதே அவர்களின் குறிக்கோளாக இருந்தது. நகாஹிரா 1970-இல் வெளியிட்ட தம் படநூலுக்கு 'வரவிருக்கும் மொழிக்காக' எனப் பொருள்படும் பெயரிட்டதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

நகாஹிராவின் நண்பரான மொரியாமா, 1969 மார்ச்சில் வந்த இரண்டாம் இதழில் இணைந்தார். மூன்றாம் இதழுக்கு அவர் அளித்த படங்கள் ஒரு கடையின் அடுக்குகளில் வரிசையாக நிற்கும் டப்பாக்களையும் புட்டிகளையும் காட்டின. மூன்றாம் இதழ் 1969 ஆகஸ்டில் வந்தது. 1970-இல் ஒரு தொகுப்பு நூலோடு குழு கலைந்தது.

நடையின் கூறுகள்

புரொவோக் நடையை ஜப்பானியர் 'அரே, புரே, பொகே' என்னும் மூன்று சொற்களால் சுட்டுவர். முதலாவது, மணல்போல் சொரசொரத்த துகள். இரண்டாவது, அசைவால் நேரும் கலங்கல். மூன்றாவது, குவியம் தவறிய மங்கல். ஒளிப்படப் பயிற்சி நூல்கள் பிழையெனக் கடிந்தவை இம்மூன்றும்.

இவை எவ்வாறு உண்டாகின்றன என்பதை அறிவது பயனுடையது. படச்சுருளில் ஒளியைப் பதிப்பவை வெள்ளி உப்பின் நுண்துகள்கள். அவற்றை டெவலப்பர் கரைசலில் மிகுதியாக வேகவிட்டால் துகள் பருத்துத் தோன்றும். கடும் வேறுபாடு காட்டும் அச்சுத்தாளில் அச்சிட்டால் இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் மறைந்து, கரிய கருமையும் வெறித்த வெண்மையும் எஞ்சும். மொரியாமா நடந்துகொண்டே, பலவேளை கேமராவின் காண்துளையில் கண் வைக்காமலே படமெடுத்தார். ஆகவே சட்டகம் சாய்ந்தது. உருவங்கள் விளிம்பில் அறுபட்டன. இவ்வகையில் அவருக்கு வழிகாட்டியாய் நின்றது வில்லியம் கிளைன் என்னும் அமெரிக்கரின் நியூயார்க் படநூல் (1956). ஆண்டி வார்ஹோலின் படியெடுப்புக் கலையும், ஜாக் கெருவாக்கின் நெடுஞ்சாலை நாவலும் அவரை ஆட்கொண்டன. நாவலின் தாக்கம், ஓடும் வண்டியிலிருந்து நாட்டின் சாலைகளைக் கண்ட 'வேட்டைக்காரன்' (1972) என்னும் நூலில் புலப்படும்.

மற்றொரு கூறும் உண்டு. சுவரொட்டி, தொலைக்காட்சித் திரை, செய்தித்தாள் ஆகியவற்றையும் அவர் தெருக்காட்சியாகவே கருதிப் படமெடுத்தார். 1969-இல் 'அசாஹி கேமரா' இதழில் வந்த 'விபத்து' என்னும் தொடரில், சாலைப் பாதுகாப்புச் சுவரொட்டியில் இருந்த விபத்துப் படத்தையே மீண்டும் படமாக்கினார். நகரவாசி உலகத்தை நேரே காண்பதைவிடப் படங்களின் வழியே காண்பது மிகுதி என்னும் உண்மையை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

அவருடைய படங்களுள் மிகவும் அறியப்பட்டது 1971-இல் வடக்கு ஜப்பானின் மிசாவா நகரில் எடுத்த தெருநாய். மிசாவாவும் அமெரிக்கப் படைத்தளம் உள்ள ஊரே. கரிய மயிர், திரும்பிப் பார்க்கும் தலை, பளபளக்கும் கண். அச்சமா சினமா என்று பிரித்தறிய இயலாத பார்வை. போருக்குப் பிந்தைய ஜப்பானின் உருவமாக அதனைக் கண்டோர் உளர். மொரியாமாவோ தம் அலைச்சலுக்கு அந்நாயையே அடையாளமாகக் கொண்டார்; தம் தன்வரலாற்றுக் கட்டுரைகளுக்கும் 'நாயின் நினைவுகள்' என்று பெயரிட்டார்.

புதுமை வழக்கமான கதை

1970-இல் ஒசாகா உலகப் பொருட்காட்சி முடிந்ததும், பயணிகள் குறையாதிருக்க ஜப்பானிய தேசிய ரயில்வே 'டிஸ்கவர் ஜப்பான்' என்னும் பெரும் விளம்பர இயக்கத்தைத் தொடங்கியது. சிற்றூர்களில் உலவும் இளம்பெண்களைக் காட்டிய அச்சுவரொட்டிகளில் அதே கலங்கலும் மங்கலும் இருந்தன. மறுப்பின் நடையாகப் பிறந்தது, பயணச்சீட்டு விற்கும் நடையாக மாற ஈராண்டு போதுமானதாயிற்று. கலைஞர்க்கு இதனினும் கசப்பான பரிசு வேறில்லை.

இதற்கு இருவர் இருவேறு விடை கண்டனர். நகாஹிரா தம் நடையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். கலங்கலும் மங்கலும் பொருளின்மேல் கலைஞன் தன் உணர்ச்சியைப் பூசும் செயலே என்று 1973-இல் எழுதினார். தாவர விளக்க நூலின் படம்போல, ஒவ்வொரு பொருளும் பொருளாகவே தெளிந்து நிற்க வேண்டும் என்றார். தம் பழைய படச்சுருள்களுள் பெரும்பகுதியை எரித்தார். 1977-இல் நேர்ந்த கடும் நோயால் நினைவையும் மொழியையும் பெரிதும் இழந்த அவர், மீண்டெழுந்து, 2015-இல் மறையும்வரை கலையைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்தவை தெளிந்த வண்ணப்படங்கள்.

மொரியாமா எதிர்த்திசையில் சென்றார். 1972-இல் வெளியிட்ட 'ஒளிப்படமே, போய்வா' என்னும் நூலில் கழித்துப்போட்ட படச்சுருள்கள், கீறல், தூசி, சுருளின் துளையிட்ட விளிம்பு ஆகியவற்றையே அச்சிட்டார். எதனைக் காட்டுகிறது என்று சொல்ல இயலாத பக்கங்கள் அதில் பல. விளம்பரக்காரர் எவரும் பின்தொடர முடியாத எல்லைவரை நடையைத் தள்ளிச் சென்றார் எனலாம். ஆனால், அவ்வெல்லைக்கு அப்பால் அவருக்கும் வழி இருக்கவில்லை. 1974-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜப்பானிய ஒளிப்படக் கண்காட்சியில் பதினைவருள் ஒருவராக இடம்பெற்றபோதும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி அவருக்குச் சோர்வுக் காலமாகவே கழிந்தது.

மீட்சி 1982-இல் 'ஒளியும் நிழலும்' என்னும் நூலாக வந்தது. மலர், தொப்பி, காலணி எனக் கைக்கெட்டும் எளிய பொருள்கள், வெயிலில் நின்று, அழுத்தமான நிழலுடன் அதில் தோன்றின. 1820-களில் பிரான்சின் சான் லூ ஊரில் நியெப்ஸ் தம் வீட்டுச் சன்னலிலிருந்து பதித்த காட்சி, இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய கேமராப் படம். மொரியாமா அப்படத்தின்மேல் தீராப் பற்றுடையவர். 1990-இல் சான் லூவுக்கு எழுதிய கடிதம் என்னும் பொருளில் ஒரு நூலையே வெளியிட்டார். வெளிச்சம் ஒரு பரப்பில் விட்டுச்சென்ற தடம் என்னும் முதல் வியப்பிற்குத் திரும்பியதே அவரை மீட்டது. அதன்பின் டோக்கியோவின் ஷிஞ்சுகு தெருக்களில் சிறு கேமராவுடன் அவர் பல்லாண்டு நடந்தார். 1999-இல் சான் பிரான்சிஸ்கோவிலும், 2012-இல் கிளைனின் படங்களோடு லண்டன் டேட் மாடர்னிலும் அவருக்குப் பெருங்கண்காட்சிகள் நிகழ்ந்தன. 2019-இல் ஹாசல்பிளாட் விருது பெற்றார்.

தெரு யாருடையது?

பாராட்டோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. புரொவோக் குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. காமம் என்னும் பொருளில் அமைந்த இரண்டாம் இதழில் பெண், காண்பவளாக அன்றிக் காணப்படுபவளாகவே வருகிறாள். மொரியாமாவின் தெருக்களிலும் பெண்கள் பலர் முதுகுப்புறமாக, தம்மை ஒருவர் படமெடுப்பது அறியாமலே கடந்து செல்கின்றனர்.

இதனை எதிர்நின்று ஒப்பிட ஒரு சான்று உண்டு. 1947-இல் பிறந்த மியாகோ இஷியுச்சி, சிறுமிப் பருவம் முதல் யோகோசுகாவில் வளர்ந்தவர். மொரியாமா அலைந்து படமெடுத்த அதே ஊரை அவர் 1970-களின் பின்பகுதியில் படமாக்கினார். அங்கும் சொரசொரத்த துகளும் கனத்த கருமையும் உண்டு. ஆனால் அது, வந்துபோகிறவன் கண்ட ஊரன்று. அச்சத்தோடும் வெறுப்போடும் வாழ்ந்து தீர்த்தவளின் ஊர். இஷியுச்சிக்கு 1979-இல் கிமுரா பெயரிலான விருது கிடைத்தது. ஒரே நடை, ஒரே தெரு. நிற்குமிடம் மாறியதால் பொருள் மாறிற்று. நடையைக் கடன் வாங்கலாம், நிற்குமிடத்தைக் கடன் வாங்க இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

நிறைவாக

மூன்றே இதழ் கண்ட ஒரு சிற்றிதழைப் பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. நீண்டு வாழும் அமைப்புக்கு, குறுகி மறைந்தவற்றுக்கு நேராத ஓர் இடர் உண்டு. தன் பழைய புதுமையைத் தானே படியெடுக்கத் தொடங்குவது. இருண்மையும் முறிந்த தொடரும் ஒருகாலத்தில் தேவையாகப் பிறந்தன. இன்று அவை நம் கவிதைகளில் தேவையாக நிற்கின்றனவா, பழக்கமாக நிற்கின்றனவா என்பதை ஒவ்வொருவரும் தம் கைப்படியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். நகாஹிரா தெளிவைத் தேடிச் சென்றார். மொரியாமா கலங்கலின் எல்லைவரை சென்று வெயிலுக்குத் திரும்பினார். இருவருள் யார் வழி சரி என்று தீர்ப்புரைக்க வேண்டுவதில்லை. தமக்குப் பெயர் தந்த நடையையே ஐயுறும் துணிவு இருவருக்கும் இருந்தது. அடுத்த பத்தாண்டுக்கு நம் வட்டம் அவர்களிடமிருந்து பெறத்தக்கது அத்துணிவே.